அம்மாவின் இரத்தக் குழாயும் ஒரு போத்தல் கப்ஸ்யூலும்

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனுசி. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து வல்லாரை, முருங்கை இலை, பாகற்காய் என்று ஏதாவது கொண்டுவந்து தந்துகொண்டே இருப்பார். அந்தப் போத்தலையும் அவர்தான் கொண்டுவந்தார். அன்ரிஒக்சிடன்ட் கப்ஸ்யூல், அதாவது ஒட்சிசனால் கலங்களுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் சாமான். யாரோ வீடு வீடாக ஆட்களைக் கூட்டிவைத்து விற்கிறார்களாம். அம்மா அதை என்னிடம் நீட்டி, "பிள்ளை, இது ரத்தக் குழாயைக் கழுவித் துப்புரவாக்குமாம். கிளினிக் குளிசையையும் மெல்ல மெல்லக் குறைக்கலாமாம்" என்றார். விலையைக் கேட்டேன். எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மரக்கறி வாங்கும் காசை விட அதிகம்.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "வேண்டாம் அம்மா" என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கு, குழாயின் உட்சுவரில் இருக்கும் கலங்கள் தங்களைத் தாங்களே எப்படிக் காத்துக்கொள்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சொன்னதையும், பிறகு வகுப்பில் பிள்ளைகளோடு பேசியதையும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சீனி, பிறஷர் இரண்டும் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. யாருக்காவது உதவும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி தொடங்கி, ஒரு செங்குழியம் நெருங்கி நெளிந்து போகும் அளவே உள்ள மயிர்த்துளைக் குழாய் வரை, எல்லாக் குழாய்களுக்கும் உட்பக்கத்தில் ஒரேயொரு கல அடுக்கு இருக்கிறது. அதை அகவணி என்கிறோம். நீண்ட காலம் இதை ஒரு வெறும் உட்பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ரொபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருநாடித் துண்டுகளில் அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்சுவர் உரசுப்படாமல் எடுத்த துண்டு தளர்ந்தது. உட்சுவர் உரசிப் போன துண்டு தளரவில்லை, மாறாகச் சுருங்கியது. அப்படியென்றால் தளரச் சொல்லும் செய்தி அந்த ஒற்றை அடுக்கிலிருந்துதான் வருகிறது. இதை அவர் 1980இல் வெளியிட்டார். அந்தச் செய்தி நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது சில வருடங்களில் தெளிவானது. 1998இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நெஞ்சு நோ வரும்போது நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை இருக்கிறதே, அதுவும் உடம்புக்குள் இந்த வாயுவைத்தான் விடுவிக்கிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், ரத்தத்தில இவ்வளவு ஒட்சிசன் போகுது. அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிற இந்தக் கலம் ஏன் கெட்டுப் போகேல்ல?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதன் முதல் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கலம் ஒட்சிசனைப் பெரிதாகப் பயன்படுத்துவதே இல்லை. தனக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 85 வீதத்தை ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. ஈரற்கலத்தின் கனவளவில் கால்வாசிக்கு மேல் இழைமணிகள், அதாவது ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் சிறு உறுப்புகள். அகவணிக் கலத்திலோ நூற்றில் ஒருசில பங்குதான். ஒட்சிசனை எரிக்கும் இடம் குறைவாக இருந்தால், எரியும்போது சிந்துவதும் குறைவாகத்தான் இருக்கும். தன் வாசலால் போகும் ஒட்சிசனைத் தான் எடுக்காமல் பின்னால் இருக்கும் தசைக்கும் மூளைக்கும் விட்டுவிடுகிறது என்றும் பார்க்கலாம்.

ஆனாலும் சிந்தத்தான் செய்யும். சிந்துவது சுப்பரொட்சைட்டு, அதாவது ஓர் இலத்திரனைக் கூடுதலாக வாங்கிக்கொண்ட ஒட்சிசன். இழைமணியில் தற்செயலாகவும் உண்டாகிறது, சில நொதியங்கள் (தாக்கங்களை வேகப்படுத்தும் புரதங்கள்) வேண்டுமென்றே செய்வதும் உண்டு. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், சுப்பரொட்சைட்டு நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்டால் விடாது. இரண்டும் சந்தித்தால் தாக்கம் கிட்டத்தட்ட உடனடி. குழாயைத் தளர்த்தவேண்டிய வாயு அங்கேயே முடிந்துபோகிறது. அதற்குப் பதிலாகப் பேரொட்சிநைத்திரைட்டு என்ற, புரதங்களையும் கொழுப்பையும் தாக்கும் பொருள் பிறக்கிறது. குழாய் இறுகி, பிறஷர் ஏறி, உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுவதற்கு இது ஒரு பெரிய தொடக்கம்.

அதனால் சுப்பரொட்சைட்டைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியத்தை 1969இல் ஜோ மெக்கோர்டும் அவருடைய பேராசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேசு என்று பெயர். செம்பும் நாகமும் கொண்ட ஒரு வகை குழியவுருவில் இருக்கிறது, மங்கனீசு கொண்ட ஒன்று இழைமணிக்குள். மூன்றாவது கலத்துக்கு வெளியே, உட்சுவருக்கும் அதன் பின்னால் இருக்கும் தசைக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டு தசைக்குப் போகும் வழியில் பறிபோகாமல் இருக்கத்தான் அந்தக் காவல். இந்த ஏற்பாட்டை யோசிக்க யோசிக்க எனக்கு ஆசையாக இருக்கும்.

டிஸ்மியூட்டேசு பிடித்து மாற்றித் தருவது ஐதரசன் பேரொட்சைட்டு. புண்ணுக்கு விட்டால் நுரைக்குமே, அதே சாமான். ஆய்வுகூடத்தில் சந்தையில் வாங்கிய ஈரல் துண்டொன்றை அதற்குள் போட்டுக் காட்டுவேன். பொங்கி வழியும். தணற்குச்சியைப் பிடித்தால் பற்றிக்கொள்ளும். கற்றலேசு என்ற நொதியம் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கிறது. ஒரு மூலக்கூறு நொதியம் ஒரு செக்கனில் இலட்சக்கணக்கில் உடைக்கக்கூடிய வேகம். பிள்ளைகள் நுரையைப் பார்த்து இதுதான் பாதுகாப்பின் முழுக்கதை என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் குழாய்ச் சுவரில் சாதாரண நாளில் இருக்கும் பேரொட்சைட்டின் அளவு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கையாள்வது பெரும்பாலும் வேறு ஆட்கள். பேரொட்சிரெடொக்சின் என்ற புரதங்களும், செலீனியம் வைத்திருக்கும் குளுற்றாதயோன் பேரொட்சிடேசும்தான் அவை.

குளுற்றாதயோனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றே அமினோவமிலங்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு. நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தகம்தான் வேலைக்காரன். பேரொட்சைட்டு வந்தால் இரண்டு குளுற்றாதயோன்கள் தங்கள் கந்தகங்களால் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டு அதை நீராக்கிவிடும். பிணைந்ததை மறுபடி பிரித்தெடுத்தால்தான் அடுத்த முறை பயன்படும். பிரிப்பதற்கு என்.ஏ.டி.பி.எச். என்ற, இலத்திரன் கொடுக்கும் மூலக்கூறு வேண்டும், அதைக் கலம் குளுக்கோசிலிருந்து ஒரு கிளைப் பாதையில் செய்கிறது. வெளியிலிருந்து விழுங்கும் அன்ரிஒக்சிடன்ட் ஒன்று சுப்பரொட்சைட்டு போன்ற மூலிகங்கள் ஓரிரண்டைப் பிடித்ததும் செலவாகிப் போகும். கலத்தின் சொந்த ஏற்பாடோ திரும்பத் திரும்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அம்மாவுக்கு நான் முதலில் விளங்கப்படுத்தியது இந்த வித்தியாசத்தைத்தான்.

அடுத்த கேள்வி: நெருக்கடி கூடும்போது இந்த நொதியங்களைக் கூட்டச் சொல்லிக் கட்டளை இடுவது யார்?

என்.ஆர்.எஃப்2 என்று ஒரு புரதம். கலத்தின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் உரிய இடங்களில் உட்கார்ந்தால், குளுற்றாதயோன் செய்யும் நொதியங்கள் உட்படப் பெருந்தொகையான பாதுகாப்புப் பரம்பரையலகுகளை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஆனால் சாதாரண வேளையில் அது கருவை எட்டுவதே அரிது. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. என்.ஆர்.எஃப்2இன் பாதி ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான். கலம் அதைச் செய்கிறது, உடனே அழிக்கிறது, மறுபடி செய்கிறது. நாள் முழுக்க இதே வேலை.

வீண் செலவு போலத் தெரியும். கீப்1இன் உடலில் இருக்கும் சில சிஸ்டீன்களைப் பார்த்தால்தான் விசயம் புரியும். ஒட்சியேற்றும் பொருள் ஒன்று வந்தால் முதலில் அந்தக் கந்தகங்களைத்தான் தாக்கும். தாக்கியதும் கீப்1இன் பிடி பழுதாகிறது. அழிவு நின்றுபோகிறது. ஆனால் செய்வது நிற்கவில்லையே! அதனால் என்.ஆர்.எஃப்2 மளமளவென்று சேர்ந்து கருவுக்குள் போய்விடுகிறது. புதிதாக ஒரு கட்டளை எழுதி, புதிதாக ஒரு புரதம் செய்து அனுப்பும் தாமதமே இல்லை. கீப்1ஐ 1999இல் அடையாளம் காட்டியவர்கள் ஜப்பானில் மசாயுகி யமமோட்டோவின் குழுவினர். இதைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: கலத்துக்கு எச்சரிக்கை கொடுப்பது அந்த ஒட்சியேற்றமேதான். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும்.

எழுப்பப்படும் நொதியங்களில் ஒன்றை எல்லாரும் தங்கள் தோலிலேயே பார்த்திருப்பீர்கள். சைக்கிளால் விழுந்தால் முழங்காலில் முதலில் ஊதா நிறத்தில் கண்டிப்போகும், சில நாளில் பச்சை, பிறகு மஞ்சள். கசிந்த ஈமோகுளோபினிலிருக்கும் ஈம் என்ற இரும்புள்ள பகுதியை ஈம் ஒட்சிசனேசு என்ற நொதியம் உடைக்கும்போது முதலில் வருவது பச்சை நிற பிலிவேடின். அது மஞ்சள் நிற பிலிருபினாக மாறுகிறது. இதே நொதியத்தின் ஒரு வகை, நெருக்கடி வந்தால் குழாய்ச் சுவர்க் கலங்களிலும் கூடுகிறது. கட்டில்லாமல் அலையும் ஈம் கலத்துக்கு நஞ்சு, அதை அகற்றுகிறது. கிடைக்கும் பிலிருபினோ நல்லதோர் ஒட்சியேற்ற எதிரி என்று 1987இல் காட்டினார்கள். மஞ்சட்காமாலைக்குப் பயந்து நாங்கள் வெறுக்கும் அதே பொருள், சிறிய அளவில் காவலாளி.

அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இந்த நொதியத்தைச் செய்ய முடியாமல் பிறந்த ஒரு சிறுவனைப் பற்றி 1999இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். வளர்ச்சி குறைந்து, இரத்தம் சிதைந்து, குழாய்களின் உட்சுவர் விடாமல் சேதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

சரி, இனி அம்மாவின் நடைக்கு வருவோம். விடிய எழும்பி டச்சுக்குடாக் கடற்கரையால் நடக்கச் சொல்லி நான் கரைச்சல் கொடுப்பதற்குக் காரணம் நிறை குறைவது மட்டுமல்ல. அகவணிக் கலத்துக்கு ஓட்டம் தெரியும். இரத்தம் ஒரே சீராக உரசி ஓடும் இடத்தில் அந்தக் கலங்கள் ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு படுத்துக்கொள்கின்றன. நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியம் கூடுகிறது, என்.ஆர்.எஃப்2உம் விழிப்பாக இருக்கிறது. குழாய் கிளை பிரியும் இடங்களில், உதாரணமாகக் கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓட்டம் சுழல்கிறது, பின்னால் அடிக்கிறது. அங்கே இருக்கும் கலங்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. கொழுப்புப் படிவு முதலில் தொடங்குவது அநேகமாக இப்படியான இடங்களில்தான்.

மூதூர்ப் பிள்ளை ஒருவன் இதைக் கேட்டதும், மகாவலி கொட்டியாரக்குடாவில் விழுமிடத்தில் வேகம் குறைந்து மண் படிவது போலவா என்றான். பாதி சரி. ஓட்டத்துக்கும் படிவுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் ஆற்றில் மண் தன்பாட்டில் தாழ்கிறது. குழாயில் அப்படி இல்லை. அங்கே சுவரே ஓட்டத்தை உணர்ந்து தன் பாதுகாப்பைக் குறைக்கிறது, கூட்டுகிறது. அதனால்தான் "கழுவுதல்" என்ற எண்ணம் எனக்கு ஒத்துவரவில்லை. கழுவ அங்கே அழுக்கு ஒன்றும் தனியாக மேலே ஒட்டியிருக்கவில்லை. படிவு இருப்பது உட்சுவரின் தோலுக்குக் கீழே.

சீனி வருத்தத்தில் என்ன நடக்கிறது? இது அம்மாவுக்கு நான் மிகப் பொறுமையாகச் சொன்ன பகுதி. இரத்தத்தில் குளுக்கோசு கூடினால் உடம்பின் பல கலங்கள் உள்ளே எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். சில கலங்களால் அது முடியாது. விழித்திரையின் மயிர்த்துளைக் குழாய்க் கலங்கள், சிறுநீரகத்தின் வடிகட்டியில் இருக்கும் சில கலங்கள், நரம்புக் கலங்கள். வெளியே எவ்வளவு கூடுகிறதோ உள்ளேயும் அவ்வளவு கூடும். அங்கே இழைமணிகளில் இலத்திரன் நெரிசல் உண்டாகி, சுப்பரொட்சைட்டு வழக்கத்தை விட அதிகம் சிந்துகிறது என்று 2001இல் மைக்கல் பிரவுன்லீ விளக்கினார். போதாததற்கு, மேலதிகக் குளுக்கோசை வேறு வழியில் அகற்றப் போய் என்.ஏ.டி.பி.எச்.ஐயும் செலவழிக்கிறது கலம். குளுற்றாதயோனைப் பிரித்தெடுக்க வேண்டிய அதே என்.ஏ.டி.பி.எச்.! சேதமும் கூடுகிறது, காவலும் குறைகிறது. கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று கிளினிக்கில் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. "அப்ப சீனியைக் குறைச்சால் அதுகளே தங்களைப் பாத்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் ஆம் அம்மா. நேரத்தோடு குறைத்தால்.

அந்தக் கப்ஸ்யூல் பற்றிய கணக்கு இன்னும் இருக்கிறது. மாத்திரையாகக் கொடுத்த அன்ரிஒக்சிடன்ட் இதயத்தைக் காக்குமா என்று உலகம் ஒழுங்காகவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய ஆபத்து அதிகமுள்ள 9,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு எங்கள் அம்மா போலச் சீனி வருத்தம். ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈ தினமும் 400 அலகுகள், நாலரை வருடம் அளவில். மாரடைப்போ பாரிசவாதமோ இதய மரணமோ குறையவில்லை. அதற்கு முன் 1994இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீற்றா கரோட்டீன் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் கூடியது. 2009இல் இன்னொன்று: உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் விற்றமின் சி, ஈ மாத்திரை எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் கிடைக்கவில்லை. கீப்1இன் கதையை வாசித்த யாருக்கும் இது புதிராக இராது. பயிற்சியின்போது எழும் கொஞ்ச ஒட்சியேற்றம்தான் கலத்துக்குச் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை அழித்துவிட்டது.

அக்கா தரும் முருங்கை இலை வேறு விசயம். முருங்கையிலும் கோவா, பூக்கோவா குடும்பத்திலும் கந்தகம் கொண்ட ஒருவகைப் பொருட்கள் இருக்கின்றன. ஆய்வுகூடக் கலங்களில் அவை கீப்1இன் கந்தகத்தை இலேசாகத் தொட்டு என்.ஆர்.எஃப்2ஐ எழுப்புகின்றன. அவை மூலிகங்களைத் துடைத்தெடுப்பதில்லை, கலத்தைக் கொஞ்சம் சீண்டிவிடுகின்றன. அதற்காக முருங்கை இலை மருந்து என்று நான் சொல்லவில்லை. சுண்டிச் சாப்பிடலாம், நல்ல கறி. கிளினிக் குளிசையை அதற்காக ஒரு நாளும் விட முடியாது.

உண்மையில் எனக்குக் கோபம் வந்தது விலையைப் பார்த்து அல்ல, "குளிசையைக் குறைக்கலாம்" என்று சொன்னதைக் கேட்டுத்தான். சீனியையும் பிறஷரையும் இறக்கும் அந்த மலிவான, ஆஸ்பத்திரியில் காசில்லாமல் தரும் குளிசைகள்தான் அம்மாவின் கண்ணுக்குள் இருக்கும் கலங்களின் சுமையைக் குறைக்கின்றன. அவற்றை நிறுத்தச் சொல்லி ஒரு வயதுபோன மனுசியிடம் வந்து பேசுகிறவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. யாராவது உங்கள் வீட்டுக்கும் வந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்புறம் என் தம்பி. அவனுக்குச் சீனி இல்லை, பிறஷர் பார்த்ததும் இல்லை. பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் நின்று சிகரெட் பிடிப்பான். நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியத்துக்கு ரெற்றாஐதரோபயோப்டெரின் என்று ஒரு துணைப் பொருள் வேண்டும். சிகரெட் புகை அதை ஒட்சியேற்றி அழிக்கிறது. அது குறைந்ததும் அந்த நொதியமே கட்சி மாறி, நைத்திரிக் ஒட்சைட்டுக்குப் பதிலாகச் சுப்பரொட்சைட்டைச் செய்யத் தொடங்குகிறது. காக்க வந்தவனே அடிக்கிறான். நிறுத்தினால் உட்சுவர் தேறுகிறது. நிறுத்தி ஒரு வருடத்தில் இதய நோய்க்கான மேலதிக ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது.

தம்பி, நேரில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். லீவு போட்டுவிட்டு நீயும் வா. உன் பிறஷரையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம்.